சாப்பிடுதே டாக்டரம்மா, அப்புறம் என்ன வலி?

வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்

போன இதழில், நாய்க்கும் பல் தேய்த்துவிட வேண்டும் என்று போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு ஒரு மஞ்சள் பை நிறையக் கடிதங்களைக் கட்டி அனுப்பியிருக்கிறார் ஆசிரியர். நாய், பூனை, மாடு, ஆடு, முயல், குதிரை என்று எல்லாம் இருக்கிறது. பாதிக் கடிதங்களில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: "ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறது." அரசு வேலையில் 27 வருஷம், அதற்குப் பிறகு சேலம் ஐந்து ரோடு பக்கம் சொந்த கிளினிக்கில் எட்டு வருஷம், இந்த வாக்கியத்தோடுதான் நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆகவே இந்த மாதம் முழுக்கப் பல்தான்.

எங்கள் மணிக்கு (ஸ்பிட்ஸ், 7 வயது) வாயைத் திறந்தாலே குடலைப் புரட்டுகிறது. "நாய் வாய் பின்னே பன்னீரா மணக்கும்?" என்கிறார் வீட்டுக்காரர். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. பல் சுத்தம் செய்ய மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்றதும் பயந்துவிட்டோம். நாய் குளிப்பாட்டும் கடை ஒன்றில், மயக்கமே இல்லாமல் பத்து நிமிஷத்தில் சுரண்டிவிடுவோம் என்கிறார்கள். அங்கே போகலாமா?
- வாசகி, அஸ்தம்பட்டி

வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நல்ல நிலையில் இருக்கும் நாயின் வாயில் நாய் வாசனை இருக்கும், நாற்றம் இருக்காது. அழுகல் நாற்றம் வந்தால் உள்ளே ஏதோ அழுகுகிறது என்று அர்த்தம்.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் பல்லின் மேல் வழவழவென்று ஒரு படலம் பிடிக்கும். அது முழுக்கக் கிருமி. அப்போது துணியால் தேய்த்தாலே போய்விடும். விட்டுவிட்டால் எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கி, இரண்டு மூன்று நாளில் கெட்டிப்பட்டுக் காரையாகிவிடும். போர்த் தண்ணீர் காய்ச்சுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அந்த மாதிரி. காரை ஈறை ஒதுக்கும், ஈறுக்கடியில் கிருமி இறங்கும், பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் எலும்பு கரையும். ஸ்பிட்ஸ், பக் மாதிரி சின்ன வாய்க்காரர்களுக்கு இது சீக்கிரமே வரும். அல்சேஷனுக்கும் 42 பல், மணிக்கும் அதே 42 பல். இடம்தான் இல்லை. செவ்வாய்ப்பேட்டை சந்துக்குள் லாரிகளை வரிசையாக நிறுத்தின கதைதான்.

கடைக்காரர் பத்து நிமிஷத்தில் சுரண்டுவது கண்ணுக்குத் தெரிகிற காரையை. நோய் இருப்பது ஈறுக்கு அடியில். பல்லின் பெரும்பகுதியே ஈறுக்குள்ளும் எலும்புக்குள்ளும்தான் இருக்கிறது. முழித்துக்கொண்டிருக்கிற நாயின் ஈறுக்கடியில் கூரான கருவியை விட எந்த நாயும் சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது. சுரண்டி முடித்த பல் சொரசொரப்பாகிவிடும். பாலிஷ் போடாமல் விட்டால் முன்னைவிட வேகமாகக் காரை பிடிக்கும். பார்க்க வெள்ளையாக இருக்கும். கரையான் அரித்த கதவுக்குப் பெயின்ட் அடித்த மாதிரி.

மயக்கத்துக்குப் பயப்படுவது நியாயம். முதலில் ரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகமும் ஈரலும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்போம். நெஞ்சு பார்ப்போம். மயங்கியதும் மூச்சுக்குழாயில் ஒரு டியூப் போடுவோம். காரையைப் பெயர்க்கும் ஸ்கேலர் கருவி தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே வேலை செய்யும். அந்தத் தண்ணீரும் காரைத் தூளும் நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது. பிறகு ஒவ்வொரு பல்லையும் சுற்றிக் கம்பியால் ஆழம் பார்த்து, சந்தேகப்படும் பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்து, காப்பாற்ற முடியாததைப் பிடுங்கி, மற்றதற்கு பாலிஷ். ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ ஆகும்.

சாப்பிடுகிறதே என்கிறீர்கள். பசி, வலியைவிடப் பெரியது அம்மா. பட்டினி கிடக்கிற அளவுக்கு வலித்தால் நிலைமை கைமீறியிருக்கும். அதற்கு முன்னாலேயே சின்னச் சின்ன மாற்றங்கள் தெரியும். ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து மெல்லும். பிஸ்கட்டை வாயில் வாங்கிக் கீழே போட்டு மறுபடி எடுக்கும். முன்பு இழுத்து விளையாடின கயிற்றைத் தொடாது. இன்று ராத்திரி மணி சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

நாங்கள் தேய்க்கிற பேஸ்ட்டையே நாய்க்கும் போடலாமா? என் மாமியார் உப்பும் கரித்தூளும் போதும் என்கிறார்.
- வாசகி, சூரமங்கலம்

வேண்டாம். நாய்க்குத் துப்பத் தெரியாது, நம் பேஸ்ட்டில் இருக்கும் ஃபுளோரைடும் நுரையும் அப்படியே வயிற்றுக்குள் போகும். சில பேஸ்ட்டிலும் சூயிங்கத்திலும் சைலிட்டால் என்று ஓர் இனிப்பு சேர்க்கிறார்கள். அது நமக்கு ஒன்றும் செய்யாது. நாய்க்கு ரத்தச் சர்க்கரையைக் கிடுகிடுவென்று இறக்கி ஆளையே முடித்துவிடும். நாய்க்கென்றே பேஸ்ட் விற்கிறது. அது கிடைக்காவிட்டால் வெறும் ஈரத்துணி போதும். உதட்டைத் தூக்கி, பல்லின் வெளிப்பக்கத்தை மட்டும், ஈறும் பல்லும் சேருகிற கோட்டை ஒட்டித் தேயுங்கள். உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். மாமியாரின் கரித்தூள் எனாமலைத் தேய்த்துவிடும். ஆனால் தினமும் தேய்க்க வேண்டும் என்று நினைத்தாரே, அந்த விஷயத்தில் அவர் என் கட்சி.

எஸ்டேட் காவலுக்கு இருக்கிற எங்கள் டைகருக்கு வலது கண்ணுக்குக் கீழே ஒரு புண். நாலு மாதமாக ஆறுவதும் மறுபடி சீழ் கட்டி உடைவதுமாக இருக்கிறது. காட்டில் முள் கிழித்திருக்கும் என்று மஞ்சள் வைத்தோம், பிறகு ஆயின்ட்மென்ட் போட்டோம், இரண்டு தடவை ஊசியும் போட்டாயிற்று. ஊசி போட்டால் பத்து நாள் நன்றாக இருக்கிறது. கண்ணுக்கு ஆபத்தா? சாப்பாடு வழக்கம்போலத்தான்.
- காபித் தோட்ட மேஸ்திரி, நாகலூர், ஏற்காடு

மேஸ்திரி அண்ணா, கண்ணை விடுங்க. வாயைத் திறந்து பாருங்க.

கண்ணுக்கு நேர் கீழே, மேல் தாடையில், அந்த வரிசையிலேயே பெரிய வெட்டும் பல் ஒன்று இருக்கிறது. எலும்பைக் கடவாயில் கொடுத்துக் கடக் கடக்கென்று உடைக்குமே, அந்தப் பல். அதற்கு மூன்று வேர். வேரின் நுனி கண்ணுக்குக் கீழே இருக்கிற எலும்பு வரை போகிறது. டைகர் கல்லையோ மாட்டுக் கால் எலும்பையோ கடித்ததில் அந்தப் பல்லின் வெளிப்பக்கம் ஒரு சில்லாகப் பெயர்ந்திருக்கும். உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கிற குழி திறந்துகொள்ளும். கிருமி அந்த வழியே இறங்கி வேர் நுனியில் சீழ் கட்டும். சீழுக்கு வெளியே போக வழி வேண்டும், பக்கத்தில் இருக்கிற மெல்லிய இடம் கன்னம். அதைத் துளைத்துக்கொண்டு கண்ணுக்குக் கீழே உடைகிறது. ஊசி போட்டால் சீழ் அடங்கும், செத்த பல் உள்ளேயே இருக்கும், பத்து நாளில் திரும்ப வரும். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததுமே எனக்குச் சந்தேகம் அதன்மேல்தான். நேரில் பார்த்து எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்ய வேண்டும்.

படித்ததுமே எனக்கு ஏன் அந்தச் சந்தேகம் வந்தது தெரியுமா? 1992-ல் வேலைக்குச் சேர்ந்த புதிது, ஒரு கிராமத்து மருந்தகத்தில் இருந்தேன். கண்ணுக்குக் கீழே புண்ணோடு ஓர் அல்சேஷனை அழைத்து வந்தார் ஒரு ரைஸ் மில் காவலாளி. நான் புண்ணைக் கழுவினேன், மருந்து வைத்தேன், ஊசி போட்டேன். ஆறியது. மறுபடி வந்தார். மறுபடி கழுவினேன். ஒரு தடவை கத்தி வைத்துச் சுற்றிச் சதையை எடுத்துத் தையலும் போட்டேன், என் கை வேலையைப் பார்த்து எனக்கே பெருமை. ஐந்தாவது மாதம் அதே இடத்தில் அதே ஓட்டை. பொங்கலுக்குச் சேலம் வந்திருந்தபோது என் அண்ணியிடம் சொன்னேன். அவள் மனிதர்களுக்குப் பல் பார்க்கிறவள். பாதி கேட்டதுமே, "நீ ஒரு தடவையாவது வாயைத் திறந்து பார்த்தியா?" என்றாள். நான் பார்க்கவே இல்லை. புண் வெளியே இருந்தது, நான் வெளியே பார்த்தேன். காவலாளி ஒவ்வொரு தடவையும் சொன்ன "சாப்பாடு நல்லாத்தான் சாப்பிடுதுங்க" என்னையும் திசை திருப்பிவிட்டது. திரும்பிப் போய்ப் பார்த்தேன். பல் இரண்டாகப் பிளந்து, உள்ளே கறுப்பாக இருந்தது. எட்டு மைல் சைக்கிளில் நாயை ஓட்டிக்கொண்டு ஐந்து மாதம் வந்தவரிடம் அதைச் சொல்வதற்கு எனக்கு நாக்கு எழவில்லை. சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அண்ணி மாற்றிவிட்ட பழைய ஸ்கேலரும் பல் நெம்பும் எலிவேட்டர்களும்தான் பிறகு என் முதல் கருவிகள். மூன்று வேர்ப் பல்லை ஒரே இழுப்பில் பிடுங்க முயன்றால் வேர் உடையும், தாடையே உடைந்தாலும் உடையும். பர் என்கிற சின்னச் சுழல் முனையை வைத்துப் பல்லை மூன்று துண்டாக அறுத்து, ஒவ்வொரு வேரையும் தனித்தனியாக நெம்பி எடுத்து, ஈறை மூடித் தைக்க வேண்டும். பல்லைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்றால் மனிதருக்குச் செய்வது போல ரூட் கெனால் செய்யலாம், ஆனால் நாலு மாதச் சீழுக்குப் பிறகு நான் பிடுங்கத்தான் சொல்வேன். எடுத்த பிறகு கன்னத்துப் புண் பெரும்பாலும் தானாகவே மூடிவிடும்.

ஒரு வேலை செய்யுங்கள். டைகருக்குப் போடும் எலும்பை உங்கள் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியாத எதுவும் நாயின் பல்லை உடைத்துவிடக்கூடும். மாதத்தில் இரண்டு வியாழக்கிழமை நான் மலைக்கு வருகிறேன். ஆனால் இந்த வேலையை அங்கே செய்ய முடியாது, கீழே கொண்டுவர வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு கூட்டி வாருங்கள். அந்த 20 கொண்டை ஊசி வளைவுக்கும் அதுதான் நல்லது.

ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஊரில் மாடு வாங்கினேன். வீட்டுக்கு வந்து வாயைத் திறந்து பார்த்தால் மேல் வரிசையில் முன்பல் ஒன்றுகூட இல்லை! தரகர் கிழட்டு மாட்டைத் தலையில் கட்டிவிட்டாரா?
- புது விவசாயி, எடப்பாடி

தம்பி, உலகத்தில் எந்த மாட்டுக்கும் மேலே முன்பல் கிடையாது. ஆட்டுக்கும் கிடையாது. அந்த இடத்தில் கெட்டியான ஈறுத் திண்டு இருக்கும். நாக்கால் புல்லைச் சுருட்டி, கீழ்ப்பல்லுக்கும் திண்டுக்கும் நடுவில் வைத்து அறுக்கும். இந்தச் சந்தேகத்தைத் தரகரிடம் கேட்காமல் என்னிடம் கேட்டது உங்கள் அதிர்ஷ்டம். கேட்டிருந்தால் அடுத்த மாட்டுக்கு அவர் விலையே வேறு சொல்லியிருப்பார்.

வயசு பார்க்கக் கீழ் வரிசையைப் பாருங்கள். எட்டுப் பல். கன்றுக்கு இருப்பது சின்னச் சின்னப் பால்பல். நடுவில் இருக்கும் ஜோடி விழுந்து அகலமான நிலைப்பல் வந்தால் ரெண்டு பல் மாடு, வயசு இரண்டு, இரண்டரை. நாலு பல் என்றால் மூன்று வயசை ஒட்டி. ஆறு பல் மூன்றரை, நாலு. எட்டும் சேர நாலரை, ஐந்து ஆகும். கலப்பின மாட்டுக்குக் கொஞ்சம் முன்னதாகவே வரும். எட்டும் சேர்ந்த பிறகு தேய்மானத்தையும் பல்லுக்கிடையில் விழும் இடைவெளியையும் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும். அங்கேதான் தரகர்கள் விளையாடுவார்கள்.

ஆட்டுக்கும் இதே கணக்குதான், வேகம்தான் அதிகம். ரெண்டு பல் போட ஒரு வயசிலிருந்து ஒன்றரை, எட்டும் சேர ஏறத்தாழ நாலு வயசு. பக்ரீத்துக்கு முன்னால் சனிக்கிழமை கொங்கணாபுரம் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு வயசு நிறைந்த ஆடு வேண்டும் என்பதால், வாங்க வருகிறவர்கள் முதலில் உதட்டைத்தான் மடக்குவார்கள். பையிலிருந்து பணம் வருவது அதற்குப் பிறகுதான். தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கினால் கட்டாயம் பிடித்துப் பாருங்கள்.

எங்கள் தொழுவத்தில் பிறந்து வளர்ந்த மூன்று மாடுகளுக்கும் பல் பழுப்பாக, குழி குழியாக இருக்கிறது. வெளியிலிருந்து வாங்கி வந்த மாட்டுக்கு அப்படி இல்லை. தீவனத்தில் ஏதாவது கோளாறா? போர்த் தண்ணீர்தான் கொடுக்கிறோம்.
- விவசாயி, ஓமலூர் பக்கம்

பதிலைக் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள். இங்கே பிறந்த மாட்டுக்கு இருக்கிறது, பல் முளைத்த பிறகு வந்த மாட்டுக்கு இல்லை. எனக்குத் தண்ணீர்மேல்தான் சந்தேகம். நிலைப்பல் தாடைக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில் ஃபுளோரைடு அதிகமாகப் போனால் எனாமல் சரியாகக் கட்டாது. முளைக்கும்போதே கறையும் குழியுமாக வரும். சாதாரணப் பல்லைவிடச் சீக்கிரம் தேயும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். தொட்டியில் வாயை வைத்து உறிஞ்சாமல் நக்கி நக்கிக் குடிக்கிறதா என்று பாருங்கள். நொண்டுகிறதா, எழுந்திருக்கச் சிரமப்படுகிறதா என்றும் பாருங்கள். இது பல்லோடு நிற்காது, எலும்புக்கும் போகும்.

கறையைத் தேய்த்தெடுக்க மருந்து கிடையாது, அதற்காகக் காசு செலவழிக்காதீர்கள். போர்த் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். மனிதர் குடிக்கிற தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் ஏற்ற அளவு, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. அதற்கு மேல் இருந்தால் உங்கள் பிள்ளைகளுக்கும் அந்தத் தண்ணீர் ஆகாது. பக்கத்து தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு 2013-ல் ஒகேனக்கல் தண்ணீர் வந்ததே, அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் என்று இந்த ஃபுளோரைடு நோயைக் குறிக்கும் சொல் இருந்தது. வீட்டுக்குள் நல்ல தண்ணீர்க் குழாய் வந்த பிறகும், தொழுவத்துத் தொட்டிக்குப் பழைய போரிலிருந்தே இறைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லா மாட்டுக்கும் நல்ல தண்ணீர் கொடுக்க முடியாவிட்டால் கன்றுகளுக்காவது கொடுங்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தாலும் சரி. சேதம் ஆவது அந்த வயசில்தான்.

எங்கள் நாய் இரண்டு நாளாக வாயை மூடாமல் எச்சில் ஒழுக விட்டுக்கொண்டு நிற்கிறது. கீழ்த் தாடை தொங்குகிறது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று என் தம்பி கையை விட்டுப் பார்த்தான், ஒன்றும் தட்டுப்படவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறது, முடியவில்லை. என்ன செய்யலாம்?
- அயோத்தியாப்பட்டணம் அருகே ஒரு கிராமம்

இந்தக் கடிதம் என் கைக்கு வந்தபோது எழுதி ஒன்பது நாள் ஆகியிருந்தது. கீழே இருந்த எண்ணுக்கு உடனே போன் செய்தேன். நாய் செத்து ஒரு வாரம் ஆகிவிட்டது என்றார்கள், தோட்டத்து மூலையில் புதைத்துவிட்டார்களாம். தம்பி கையில் கீறல் இருந்ததா என்று கேட்டேன். மண்வெட்டி பிடித்த காய்ப்பு வெடித்திருந்தது என்றார்கள். அன்று சாயங்காலமே அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். நாயைத் தொட்ட ஐந்து பேரும் போனார்கள். தடுப்பூசி தொடங்கியாயிற்று. தம்பிக்குக் காய்ப்பு வெடித்த இடத்தில் எதிர்ப்புரத ஊசியும் போட்டார்கள்.

வெறிநோய் என்றால் நாக்கைத் தொங்கப்போட்டு ஓடி ஓடிக் கடிக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். கடிக்காத வெறியும் உண்டு. தாடைத் தசை செயலிழக்கும், வாய் திறந்தபடி நிற்கும், விழுங்க முடியாமல் எச்சில் வழியும். பார்க்கிறவர்களுக்கு எலும்பு சிக்கின மாதிரியே இருக்கும். பாவம் என்று கையை விடுவார்கள். கடிபடாமலே நோய் வாங்குகிற வழி அது.

எலும்பு சிக்கிய நாய் முன்னங்காலால் வாயைப் பிராண்டும், தவிக்கும், நம்மிடம் வந்து வந்து நிற்கும். அதையும் இதையும் வீட்டில் நின்று பிரித்துச் சொல்ல உங்களால் முடியாது. சில சமயம் எனக்கும் முடியாது. நான் தடுப்பூசி போட்டுக்கொண்டவள், கையுறை போட்டிருப்பேன், அப்படியும் தாடை தொங்கும் நாய் வந்தால் முதலில் இரண்டடி தள்ளி நின்றுதான் பார்க்கிறேன். நீங்கள் கை வைக்காதீர்கள். கட்டிப்போட முடிந்தால் கட்டிப்போட்டு, இல்லாவிட்டால் அறையில் விட்டுக் கதவைச் சாத்தி, மருத்துவரைக் கூப்பிடுங்கள். எச்சில் பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். நோய் வந்த பிறகு மருந்து இல்லை. தயவுசெய்து இந்த மாதிரி விஷயத்தைப் பத்திரிகைக்கு எழுதிப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள்.

எங்கள் பூனை சாப்பாட்டுத் தட்டருகே போய் முகர்ந்துவிட்டு, கத்திக்கொண்டு ஓடுகிறது. எச்சில் வழிகிறது. ஊசி போட்டால் மூன்று வாரம் சரியாக இருக்கிறது. இப்போது வேறொரு டாக்டர் கடைவாய்ப் பல் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும் என்கிறார். மனசு வரவில்லை. இடையில் வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாமா?
- வாசகி, கன்னங்குறிச்சி

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடவே கூடாது. ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

சாப்பிட வந்து சாப்பாட்டைப் பார்த்தே பயந்து ஓடுகிற பூனை, வாய் முழுக்க ஈறு வெந்துபோன பூனையாக இருக்கலாம். தன் பல்மேல் படிகிற கிருமிக்கே அதன் உடம்பு எல்லை மீறிக் கொந்தளிக்கிறது. தொண்டை ஓரம் வரை சிவந்து, தொட்டால் ரத்தம் வரும். நீங்கள் சொல்லும் ஊசி அநேகமாக ஸ்டீராய்டு. முதலில் மூன்று வாரம் தாங்கும், பிறகு இரண்டு, பிறகு ஒன்று. அதற்குள் சர்க்கரை நோய் வேறு எட்டிப்பார்க்கும். புதிதாகச் சொன்ன டாக்டர் சொன்னதுதான் சரி. கடைவாய்ப் பல் எல்லாவற்றையும் வேரோடு எடுத்தால் பெரும்பாலான பூனைகள் தேறிவிடுகின்றன, சிலவற்றுக்கு மட்டும் பிறகும் மருந்து தொடர வேண்டியிருக்கும். வேர்த் துண்டு உள்ளே தங்கினால் பலன் இருக்காது, ஆகவே எக்ஸ்ரே இருக்கிற இடத்தில் செய்யுங்கள். அதற்கு முன் பூனைக்கு வரும் வைரஸ் நோய்களுக்கான ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

பல் இல்லாமல் எப்படிச் சாப்பிடும்? நம்மைவிட நன்றாகச் சாப்பிடும். பூனை அசைபோடுகிற பிராணி இல்லை, கிழித்து விழுங்குகிற பிராணி. கிழித்துக் கொடுக்கத்தான் நீங்கள் இருக்கிறீர்களே. என்னிடம் அப்படி எல்லாப் பல்லும் எடுத்துக்கொண்டுபோன ஒரு பூனை மூன்றாம் வாரம் மீன்காரரின் கூடையிலிருந்து மத்தி திருடியதாகப் புகார் வந்தது. புகாரை நான் சான்றிதழாக வைத்திருக்கிறேன்.

என் முயலுக்கு முன்பல் நீளமாக வளர்ந்து சுருண்டுவிட்டது. அப்பா நகவெட்டியால் வெட்டிவிடலாம் என்கிறார்.
- ஏழாம் வகுப்பு மாணவன், ஃபேர்லேண்ட்ஸ்

அப்பாவிடமிருந்து நகவெட்டியை வாங்கி ஒளித்து வை. நகவெட்டி அழுத்தினால் பல் நெடுக்கே வேர் வரை விரிசல் விடும். மருத்துவர் சின்ன ராவுகிற கருவியால் அளவாகக் குறைப்பார், அதற்கு வலிக்காது. முயல் பல் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருக்கும், நாள் முழுக்கப் புல் மென்றால்தான் தேயும். நீ என்ன கொடுக்கிறாய் என்று எழுதவில்லை. பிஸ்கட்டும் கேரட்டும் என்று நினைக்கிறேன். அருகம்புல், காய்ந்த புல், எந்நேரமும் கூண்டில் இருக்கட்டும். அப்புறம் ஒரு வேடிக்கை: மேல் முன்பல்லுக்குப் பின்னாலேயே இன்னொரு குட்டி ஜோடிப் பல் ஒளிந்திருக்கும். டாக்டர் வாயைத் திறக்கும்போது எட்டிப் பார்.

ஏரிக்கரையில் சவாரிக்குக் குதிரை விடுகிறேன். கொஞ்ச நாளாகக் கடிவாளம் போட்டதும் தலையை உதறுகிறது. மென்ற புல்லைப் பந்து பந்தாகத் துப்புகிறது. பேய் அடித்திருக்கும் என்று மந்திரித்தும் பார்த்தாயிற்று.
- ஏற்காடு

பேய்க்கு அரம் போட வேண்டும். குதிரைப் பல்லும் தேயத் தேய மேலே வந்துகொண்டிருப்பது, வருஷத்துக்கு 2, 3 மில்லிமீட்டர். மேல் தாடை அகலம், கீழ்த் தாடை குறுகல். அதனால் மேல் கடைவாய்ப் பல்லின் வெளிவிளிம்பும் கீழ்ப்பல்லின் உள்விளிம்பும் தேயாமல் கத்தி மாதிரி நிற்கும். மேலே இருப்பது கன்னத்தைக் கிழிக்கும், கீழே இருப்பது நாக்கைக் கிழிக்கும். கடிவாளத்தை இழுத்தால் கன்னம் நேராக அந்தக் கத்திமேல் அழுந்தும். தலையை உதறாமல் என்ன செய்யும்? மேயவிட்ட குதிரையைவிடத் தவிடும் அடர்தீவனமும் தின்னும் குதிரைக்கு இது சீக்கிரம் வரும். லேசான மயக்கத்தில் நீளக் கைப்பிடி போட்ட அரத்தால் ராவிச் சமன் செய்துவிடலாம், வருஷம் ஒரு தடவை பார்க்க வேண்டும். நான் அடுத்த வியாழன் மேலே வரும்போது அரம் கொண்டுவருகிறேன். அதுவரை கடிவாளம் வேண்டாம். சீசன் நேரம் என்று எனக்கும் தெரியும்.

பிளஸ் டூ படிக்கிறேன். விலங்குகளுக்குப் பல் மருத்துவர் ஆக எங்கே படிக்க வேண்டும்?
- மாணவி, ஆத்தூர்

முதலில் ஐந்தரை வருஷம் பி.வி.எஸ்.சி., அதாவது கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு. உங்களுக்குப் பக்கத்திலேயே தலைவாசலில் கல்லூரி வந்துவிட்டது. நாமக்கல் கல்லூரி 1985-ல் தொடங்கியது, சென்னை வேப்பேரிக் கல்லூரியின் வரலாறு 1903-க்குப் போகும். பல்லுக்கென்று தனிப் பட்டத்தை முதலிலேயே தேடாதே, அறுவைச் சிகிச்சையில் முதுகலை முடித்துவிட்டுக் கையைப் பல்லில் பழக்கு. அமெரிக்காவில் இதற்கென்றே நிபுணர் குழு ஒன்று 1988-லிருந்து இருக்கிறது, இங்கே இன்னும் அண்ணியின் பழைய எலிவேட்டரில் தொடங்குகிறவர்கள்தான் அதிகம்.

வேலை எப்படி என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு குனிந்தே நிற்க வேண்டும், இடுப்பு போகும். நாற்றம் முகக்கவசத்துக்குள்ளும் வரும். நோயாளி வலியைச் சொல்லாது, கூட வருகிறவர் வலியே இல்லை என்பார். மூன்று கிலோ நாயின் பல்லை எடுக்கிற அதே வாரத்தில் மாட்டின் வாய்க்குள் முழங்கை வரை கையை விட வேண்டியிருக்கும். யானையைப் பற்றி ஆசை இருந்தால் தெரிந்துகொள்: அதற்குக் கடைவாய்ப் பல் ஆயுளில் ஆறு செட் வரும், கீழிருந்து முளைக்காமல் பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வரும். கடைசி ஜோடி தேய்ந்தால் அதற்கு மேல் மெல்ல வழியில்லை. இதைப் படித்து உனக்குக் கண் விரிந்தால் விண்ணப்பம் போடு.

ஊர் நாய்க்கும் மாட்டுக்கும் பல் பார்க்கிறீர்கள். உங்கள் பல் எப்படி இருக்கிறது டாக்டரம்மா?
- குறும்புக்கார வாசகர், கிச்சிப்பாளையம்

31. இடது கீழ்க் கடைவாயில் ஒன்று இல்லை. ஒரு கிடாரிக்கு மூக்கணாங்கயிறு மாட்டும்போது அது தலையைத் தூக்கிய தூக்கில் என் தாடையில் இடித்தது. பல்லில் கோடு விழுந்தது. அன்றைக்கு முகாமில் நாற்பது மாடு வரிசையில் நின்றது, அப்படியே விட்டுவிட்டேன். சூடாகக் காபி குடித்தால் சுரீர் என்னும். வலது பக்கமாக மென்று பழகிக்கொண்டேன். கடைசியில் கன்னம் வீங்கித்தான் அண்ணியின் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எத்தனை நாளா இப்படி?" என்றாள்.

"எட்டு மாசம்."

"எட்டு மாசமா ஏன் வரலை?"

"சாப்பிட முடிஞ்சுதே அண்ணி."

அவள் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தாள். என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் ஊசியை எடுத்தாள்.